வாலாஜா ரோடு ஸ்டேஷனில் உங்களுக்கு நடந்தது

அம்மூர்க்காரன்:
போன ஆடியில் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. அரக்கோணத்தில் கட்டைப்பையோடு ஒரு ஆயா, "வாலாஜா போவுமாப்பா?" என்றார். சாயங்கால நெரிசல். "இதான் ஆயா, ஏறுங்க" என்று நானே கைகொடுத்து ஏற்றி, சீட்டும் பிடித்துக் கொடுத்தேன். இறங்கியதும் மஞ்சள் போர்டுக்கு நேராக நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார். "வா... லா... ஜா... ரோ... டு." அப்புறம் என் பக்கம் திரும்பி, "இன்னாப்பா, பாத் எங்க?"

அவர் போக வேண்டியது வாலாஜாபாத். காஞ்சிபுரம் பக்கம்.

கோட்டைவாசி:
ஆயா மேல் தப்பில்லை. இரண்டு ஊருக்கும் பெயர் வந்தது ஒரே ஆளால்தான், ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா. எனக்கு வேறு உறுத்தல். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் ரயில் வந்து நின்றது இங்கேதான் என்று பக்கத்தில் நின்ற காலேஜ் பையனிடம் பெருமையாகச் சொன்னேன். காதிலிருந்து வயரைக்கூட எடுக்காமல், "அன்னிக்கும் லேட்டாதான் வந்துச்சா அண்ணா?" என்றான். பதிலே வரவில்லை எனக்கு.

பாலாற்றங்கரை:
முதல் "பயணிகள்" ரயில் என்று சொல்லுங்கள். 1837லேயே செங்குன்றம் பக்கம் கல் ஏற்றத் தண்டவாளம் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். பையன் கேட்டதை விடுங்கள், நீங்கள் சொன்னதே பாதிதான்.

கோட்டைவாசி:
கல்லுக்கு யார் டிக்கெட் எடுத்தார்கள்?

ராணிப்பேட்டை அண்ணாச்சி:
நானும் ஒருமுறை இங்கே ராத்திரி மாட்டிக்கொண்டேன், பெரிய கதை இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். வெள்ளைக்காரன் ஸ்டேஷன் பெயரில் "ரோடு" போட்டால் ஊர் அங்கே இல்லை, அங்கிருந்து ரோட்டில் போக வேண்டும் என்று அர்த்தம். வாலாஜாபேட்டை ஊருக்கு இங்கிருந்து தனியாக ஆட்டோ பிடிக்க வேண்டும். கடைசி வண்டியில் வருகிறவர்கள் வீட்டுக்கு முன்கூட்டியே போன் போட்டு ஆளை வரச் சொல்லுங்கள். ஆட்டோ கிடைத்தால் ஏறும் முன்பே காசு பேசிவிடுங்கள். வேலூருக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கவே வேண்டாம், காட்பாடிதான் வசதி. வயசானவர்களுக்கு வழி சொல்லும்போது டிக்கெட்டை வாங்கி ஒருமுறை படித்துப் பாருங்கள், அம்மூர்க்காரரே.

அம்மூர்க்காரன்:
அதைத்தானே அண்ணாச்சி நானும் ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். டிக்கெட் ஆயாவின் சுருக்குப்பையில் இருந்தது. திரும்ப அரக்கோணம் வண்டியில் ஏற்றிவிட்டேன், டிக்கெட் என் காசு. ஜன்னல் வழியே, "நீ நல்லா இருக்கணும்" என்றார். திட்டியிருக்கலாம்.