கராஜில் கார்த் திறப்பைக் கொடுக்கும்போது எதையெல்லாம் கழற்றி எடுக்க வேணும்?

உவர்மலைக்காரி:
வணக்கம். ரொயோட்டா அக்வா ஹைபிரிட் கார். ஏ.சி. வேலையும் முன் பிரேக் பாட் மாத்துற வேலையும் இருக்கு. திருகோணமலை கண்டி வீதிப் பக்கம் ஒரு கராஜில் இரண்டு இரவு விட வேணும். வீட்டில் நானும் அம்மாவும்தான். நான் வேலைக்குப் போனால் பின்னேரம் வரை அம்மா தனிய.

ஸ்மார்ட் கீ இருக்கிற கொத்திலேயே வீட்டு முன்கதவுத் திறப்பு, பின்பக்க ஆமைப்பூட்டுத் திறப்பு, கந்தோர் அலுமாரித் திறப்பு எல்லாம் கிடக்கு. ரோலர் கேற் ரிமோட் காருக்குள்ள, கண்ணாடிக்கு மேல இருக்கிற வெயில் மறைப்பில் கொளுவியிருக்கு. எதைக் கழற்றுறது, எதை விடுறது? ஸ்மார்ட் கீயையும் கொப்பி அடிக்கலாமா? கராஜ்காரர் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் காரை எடுக்கிறம் என்றும் சொல்லுகினம். சம்மதிக்கலாமா?

பூட்டும்திறப்பும்:
தங்கச்சி, வீட்டுக்கு ஆபத்து மூன்று சாமான் ஒரே கையில் சேரும்போதுதான் வரும்: திறப்பு, விலாசம், வீட்டில் ஆள் இல்லாத நேரம். திறப்பு மட்டும் கிடைத்தவனுக்கு எந்த வீடு என்று தெரியாது. விலாசம் மட்டும் தெரிந்தவன் உள்ளே வரமுடியாது. நீங்கள் கொத்தோடு கொடுத்தால் திறப்புப் போகும். காருக்குள் கிடக்கும் காகிதத்தில் விலாசம் போகும். "அஞ்சு மணிக்குப் பிறகுதான் நான் வீட்டில் இருப்பன்" என்று வாயால் சொன்னால் நேரமும் போகும். மூன்றையும் நாங்களே எடுத்துக் கொடுக்கிறோம்.

ஆகவே கராஜுக்குப் போகிறது ஸ்மார்ட் கீ ஒன்று மட்டும். கராஜ் வாசலில் நின்று நகம் உடையக் கழற்றாமல் வீட்டிலேயே பிரித்து வையுங்கள். இழுத்தால் கழலும் இரட்டை வளையம் ஒன்று வாங்கி, ஒரு பக்கம் கார், மறுபக்கம் வீடு என்று நிரந்தரமாகவே பிரித்துவிட்டால் இந்த வேலை ஒரு விநாடி. வீட்டு விலாசமோ போன் நம்பரோ எழுதின அட்டை வளையத்தில் தொங்கினால் அதையும் எடுங்கள்.

சாதாரண வீட்டுத் திறப்பைக் கொப்பி அடிக்க ஐந்து நிமிடம் போதும். திறப்புக் கையில் இருக்கவும் தேவையில்லை. நேராக எடுத்த தெளிவான ஒரு போட்டோ இருந்தால் பல்லின் ஆழத்தை அளந்து வெட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். திறப்பின் தலையில் குத்தியிருக்கும் இலக்கம் இன்னும் மோசம். சில கொம்பனிப் பூட்டுகளுக்கு அந்த இலக்கத்தை வைத்தே திறப்பு வெட்டலாம். மேசையில் திறப்பை வைத்துப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிற பழக்கத்தையும் விட வேண்டும்.

ஸ்மார்ட் கீ அப்படியல்ல. அதை வெட்டிக் கொப்பி எடுக்க முடியாது. காரின் கம்பியூட்டரில் புதிதாகப் பதிய வேண்டும். ஓட்டுநர் முழங்காலுக்கு மேலே, டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஓபிடி சொக்கற்றில் கருவி கொளுவித்தான் பதிவார்கள். காரும் கீயும் ஒரு இரவு முழுக்க ஓரிடத்தில் இருந்தால் அதைச் செய்ய நேரம் தாராளம். ஆனால் அது தடம் விடும். பதிந்திருக்கும் கீ எத்தனை என்று ரொயோட்டாவுக்குரிய ஸ்கானர் காட்டும். கொடுக்கிறதுக்கு முன் எண்ணிக்கையைக் குறித்து வைத்து, பிறகு வேறொரு இடத்தில் பாருங்கள். இரண்டு என்று இருந்தது மூன்று ஆனால், கையில் இருக்கும் கீயை வைத்துக்கொண்டு மற்றதெல்லாவற்றையும் அழிக்கலாம். உங்கள் இரண்டாவது கீயும் அதோடு அழியும். அதையும் கொண்டுபோய்த் திரும்பப் பதிய வேண்டும்.

அந்த இரண்டாவது கீ வீட்டில் இருக்கட்டும். காருக்குள் ஒளித்து வைக்கிறவர்கள் நிறையப் பேர். கராஜில் சீற்றைக் கழற்றினால் முதலில் கண்ணில் படுகிறது அதுதான். ஸ்மார்ட் கீக்குள் ஒளிந்திருக்கும் சின்ன உலோகத் திறப்பையும் கழற்றி வீட்டில் வையுங்கள்.

ஹைபிரிட்_பாஸ்:
மேல சொன்னது எல்லாம் சரி, கடைசி வரியைத் தவிர. அக்வாவுக்கு அந்தச் சின்னத் திறப்பைக் கழட்டி வைக்கிறது புத்தியில்ல. இந்தக் கார்ல 12 வோல்ட் பற்றரி பின்சீற்றுக்குக் கீழ இருக்கு. ஏ.சி. வேலைக்கு மணிக்கணக்கா காரை ஓன் பண்ணி வச்சு அந்தப் பற்றரி இறங்கிட்டா ஸ்மார்ட் கீயும் வேலை செய்யாது, பின்கதவுப் பொத்தானும் வேலை செய்யாது. உள்ள போக ஒரே வழி ஓட்டுநர் கதவுத் துவாரத்தில அந்தச் சின்னத் திறப்பைப் போட்டுத் திருப்புறது. அது இல்லாட்டிப் பொடியன் கம்பி விட்டு நெம்புவான். கதவு றப்பர் கிழியும். அந்தத் திறப்பு கதவைத்தான் திறக்கும், காரை ஸ்டார்ட் பண்ணாது. டாஷ்போர்டுப் பெட்டிக்குத் தனிப் பூட்டு உள்ள கார் என்றால் கதை வேற. அங்க பெட்டியைப் பூட்டிச் சின்னத் திறப்பை நீங்களே வச்சிருக்கலாம்.

கொடுக்க முதல் அந்தத் துவாரத்தை ஒருக்காத் திருப்பிப் பாருங்கோ. திருகோணமலைக் கடற்காத்தில, வருசக்கணக்காத் திறப்புப் போடாத துவாரம் உப்பும் புழுதியும் சேர்ந்து பச்சை பிடிச்சு இறுகிக் கிடக்கும். பலம் போட்டுத் திருப்பினா அந்த மெல்லிய திறப்பு முறியும். தேங்காய் எண்ணெய் விடாதேங்கோ, அது புழுதியை இன்னும் பிடிச்சு வைக்கும். கிரபைற் பவுடர் கொஞ்சம் ஊதி, திறப்பைப் பத்துத் தரம் உள்ள வெளிய எடுத்து, மெல்ல மெல்லத் திருப்பினா இளகும்.

காரைக் கொடுக்கிற நேரம், அக்வா சத்தம் போடாது. இஞ்சின் நிண்டிருக்கும், ஆனா மீற்றரில பச்சை ரெடி லைற் எரியும். அந்த நேரம் கியர் டி-யில நிண்டா, பிரேக்கிலிருந்து காலை எடுத்த உடன கார் ஊரும். கியரைப் பி-யில போட்டு, பிறகு பவர் பொத்தான், ரெடி லைற் அணைஞ்சதா எண்டு கண்ணால பார்த்திட்டு இறங்குங்கோ.

ட்ரிப் மீற்றரைப் பூச்சியம் ஆக்குங்கோ. மொத்தக் கிலோமீற்றர், பெற்றோல் அளவு, நாலு பக்கமும், உள்பக்கம் எல்லாம் போனில படம் எடுங்கோ, கராஜ்காரர் பார்க்கத்தக்கதா. மரியாதைக் குறைவு ஒண்டுமில்ல, நல்ல இடத்தில அவையே வேலைத்துண்டில எழுதுவினம். பிரேக் வேலைக்கு ஓடிப் பார்க்கத்தான் வேணும், அதுக்கு ஐஞ்சு பத்துக் கிலோமீற்றர் காணும். நிலாவெளிக்குப் போய் வந்தாலே முப்பதுக்குக் கிட்ட வரும். அப்பிடி ஏறியிருந்தா எங்க போனது எண்டு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு.

எடுக்கிற நேரம் பிரேக் முக்கியம். புது பாட் போட பிஸ்டனை உள்ள தள்ளுவினம். அதால முதல் மிதி கீழ வரை போகலாம். ரெடி போட்டு, நிண்ட இடத்திலயே பெடல் இறுகுமட்டும் மிதியுங்கோ. இறுகாட்டிக் காரை அசைக்காதேங்கோ. பிரேக் எண்ணெய் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் இடையில நிக்க வேணும். சில்லு நட்டுகளை உங்களுக்கு முன்னால டோர்க் ஸ்பனரால இறுக்கச் சொல்லுங்கோ, 103 நியூட்டன் மீற்றர். 50, 100 கிலோமீற்றர் ஓடினாப் பிறகு திரும்ப ஒருக்கா.

காகிதக்கட்டு:
தங்கச்சி, காருக்குள்ள இருக்கிற விலாசங்களைப் பற்றி நான் சொல்லுறன்.

மூலப் பதிவுப் புத்தகம் காருக்குள்ள இருக்கவே கூடாது. பெயர், விலாசம் இரண்டும் அதில இருக்கு. அதை விடக் கெடுதி, காரை வாங்கின காலத்தில கையெழுத்து வைச்ச எம்டிஏ 6, எம்டிஏ 8 உரிமை மாற்றப் படிவங்களைச் சிலர் அதே உறைக்குள்ள வைச்சிருப்பினம். புத்தகமும் அந்தப் படிவங்களும் சேர்ந்தால் காரை விற்கிறதுக்கு வேண்டிய அரைவாசிக் காகிதம் ஒருவர் கையில. வருமான அனுமதிப்பத்திரம் கண்ணாடியில இருக்கட்டும், காப்புறுதி அட்டை இருக்கட்டும். மிச்சம் எல்லாம் வீட்டுக்கு. கதவுப் பையையும் சீற்றுக்குப் பின்பக்கத்தையும் தடவிப் பாருங்கோ: மருந்துத் துண்டு, மின்சார பில், கூரியர் உறை. அம்மாவின்ர கிளினிக் கொப்பி கிடந்தால் வயசான ஒருவர் வீட்டில இருக்கிறார் என்றதையும் அது சொல்லும்.

அடுத்தது காரில இருக்கிற பாட்டுச் செற். புளூடூத்தில போனை இணைச்சிருந்தால் பெயர்களும் நம்பர்களும் செற்றுக்குள்ள தங்கும். புளூடூத் அமைப்புக்குள்ள போய் உங்கட போனை அழியுங்கோ. "இணைப்பைத் துண்டி" என்றது காணாது, சோடியையே நீக்க வேணும். பிறகு போட்ட அன்ட்ரொயிட் செற் என்றால் அதில கூகுள் கணக்குத் திறந்து கிடக்கும். மப்பில "வீடு" என்று ஒரு பொத்தான், அதை அமத்தினால் உங்கட கேற் வரை வழி காட்டும். கணக்கிலிருந்து வெளியேறுங்கோ.

டாஷ்காம் கமெரா இருந்தால் அதின்ர மெமறி அட்டையில நீங்கள் கேற் திறந்து உள்ள போறது நாள்தோறும் பதிவாகியிருக்கும், சில கமெரா பேச்சையும் பதியும். கமெராவை நிற்பாட்டச் சொல்லேல்ல. வெறும் அட்டை ஒன்றை ஃபோர்மற் பண்ணிப் போட்டு, பழையதை வீட்டுக்குக் கொண்டு போங்கோ. கராஜில நடக்கிறது பதியும், வீட்டுக் கதை வெளிய போகாது. கமெரா ஓடுது என்று முதலே சொல்லிவிடுங்கோ, அது நேர்மை.

வீட்டுக்கு ஆள் அனுப்புறதுக்குச் சம்மதிக்காதேங்கோ. வேலைத்துண்டில விலாசம் கேட்டால் கந்தோர் விலாசம் எழுதலாம், போன் நம்பர் காணும். ஆள் வந்துதான் எடுக்க வேணும் என்ற நிலை வந்தால் கந்தோர் வாசலில பகலில கொடுங்கோ. வாறவர்ர பெயரையும் போன் நம்பரையும் கராஜ் நம்பரிலிருந்து அனுப்பச் சொல்லி, அதே ஆளா என்று பார்த்துக் கொடுங்கோ. "எப்ப வீட்டில இருப்பீங்கள்?" என்று கேட்டால் "வேலை முடிஞ்சா இந்த நம்பருக்கு எடுங்கோ" என்றதே பதில்.

எடுக்கப் போறது வெளிச்சத்தோட, கூட ஒருவரோட. ஏற முதல் பின்சீற், டிக்கி, ஓபிடி சொக்கற்றில ஏதும் கொளுவியிருக்கா என்று பாருங்கோ. சீற்றுக்குக் கீழயும் சில்லு வளைவுக்குள்ளயும் கை விட்டுத் தடவினால் கார் நிக்கிற இடத்தைக் காட்டிக் கொடுக்கிற, காந்தத்தில ஒட்டின ட்ரக்கர் தட்டுப்படும். ஏர்டேக் மாதிரிச் சாமானை ஐபோன் தானாச் சொல்லும். அன்ட்ரொயிட் போனில பாதுகாப்பும் அவசரமும் என்ற பகுதிக்குள்ள, தெரியாத ட்ரக்கரைக் கையாலத் தேடுற பொத்தான் இருக்கு. ஏதும் கண்டால் வீட்டுக்கு ஓடாமல், படம் எடுத்து நேராப் பொலிசுக்கு. வழியில யாரும் பின்தொடருகினம் என்று பட்டால் 119.

உவர்மலைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. இன்னொன்று. கொத்து முழுவதையும் முந்தி ஒருதரம் சர்விஸ் ஸ்டேஷனில் கொடுத்தாயிற்று, ரிமோட்டும் உள்ளேயே இருந்தது என்றால் இப்போது என்ன செய்கிறது?

பூட்டும்திறப்பும்:
பயப்படத் தேவையில்லை. அரை நாள் வேலை.

ஹைபிரிட்_பாஸ் சொன்னதை ஏற்கிறேன், அக்வாவுக்குச் சின்னத் திறப்பு ஸ்மார்ட் கீக்குள்ளேயே இருக்கட்டும்.

முன்கதவு சிலிண்டர் பூட்டு என்றால் பூட்டு முழுவதையும் மாத்தத் தேவையில்லை. கதவைத் திறந்து விளிம்பைப் பாருங்கள். பூட்டுத் தகட்டில், சிலிண்டருக்கு நேரே ஒரு நீள ஸ்குரூ இருக்கும். அதைக் கழற்றி, திறப்பைப் போட்டு ஒரு பதினைந்து பாகை திருப்பினால் உள்ளே நிற்கும் நாக்கு சிலிண்டரோடு சமமாகும், அப்போது வெளியே இழுக்கலாம். வாங்கப் போகும்போது பழையதைக் கையில் கொண்டு போங்கள். ஸ்குரூத் துவாரத்தின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மில்லிமீற்றரில் அளப்பது, 30/30, 35/35 என்று வரும். கூடின அளவு வாங்கினால் சிலிண்டர் வெளியே துருத்தி நிற்கும், குறட்டால் பிடித்து முறிக்க அதுவே வசதி. பழைய வீடுகளில் இருக்கும் நீளத் தண்டுத் திறப்புப் பூட்டுக்குச் சிலிண்டர் இல்லை, பூட்டையே மாத்த வேண்டும். எதுவானாலும் உள்ளே மேலும் கீழும் தாழ்ப்பாள் இருக்கட்டும். அம்மா தனியே இருக்கும் நேரத்தில் எந்தத் திறப்புக்கும் அது திறக்காது.

ஆமைப்பூட்டைப் புதிதாக வாங்குங்கள். உவர்மலையில் கடற்காற்று அடிக்கும், பித்தளை உடலும் துருப்பிடியா உருக்கு வளையமும் உள்ளதாகப் பாருங்கள்.

ரோலர் கேற்றுக்கு, மோட்டார்ப் பெட்டிக்குள் ரிசீவர்ப் பலகையில் பதியும் பொத்தான் ஒன்று இருக்கும். பெட்டியைத் திறக்க முதல் மின்சாரத்தை நிற்பாட்டி, மூடியைக் கழற்றின பிறகு திரும்பப் போடுங்கள். மின்கம்பி முனைகளில் விரல் படக்கூடாது. அநேகமான வகைகளில் அந்தப் பொத்தானைப் பத்து விநாடி அளவில், லைற் அணையும்வரை அமத்தினால் பழைய ரிமோட் எல்லாம் அழியும். பிறகு கையில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பதியுங்கள். பழைய, குறியீடு மாறாத வகை ரிமோட் என்றால் மலிவான கொப்பி ரிமோட்டே அதைப் படித்துவிடும். ஒவ்வொரு அமத்தலுக்கும் குறியீடு மாறும் வகை ரிசீவரை, ரிமோட்டோடு சேர்த்து, வாங்கிப் போடச் சொல்லுங்கள். ரிமோட்டைக் காருக்குள் கொளுவாமல் வீட்டுத் திறப்பு வளையத்தில் போடுங்கள்.

ஹைபிரிட்_பாஸ்:
வீட்டில இருக்கிற ரெண்டாவது ஸ்மார்ட் கீயையும் கவனியுங்கோ. கார் போர்ட்டிகோவில, கீ முன்கதவு ஆணியில எண்டு இருந்தா, அதின்ர சிக்னலை வெளிய நிண்டு இழுத்துக் கார் கதவைத் திறக்கிற கருவி இருக்கு. ரொயோட்டா கீயில பூட்டுற பொத்தானை அமத்திப் பிடிச்சுக்கொண்டு திறக்கிற பொத்தானை ரெண்டு தரம் அமத்துங்கோ. லைற் நாலு தரம் மினுங்கினாக் கீ நித்திரை. தேவைப்படுற நேரம் ஏதாவது ஒரு பொத்தானை அமத்தினா முழிக்கும்.

கோயில் திருவிழாவிலயும் ஹோட்டலிலயும் காரை ஒதுக்கி விட ஆளிட்டக் கொடுத்தாலும் இதே முறைதான்: கீ மட்டும், துண்டு வாங்கி. ஒண்டு கூட. கார் ரெடியில நிக்க, கீயைக் கைப்பைக்குள்ள வச்சபடி இறங்கிப் போகாதேங்கோ. கார் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அவர் கொண்டுபோய் நிப்பாட்டினாப் பிறகுதான் திரும்ப ஸ்டார்ட் வராது. அப்ப நீங்கள் சனத்துக்கு நடுவில கீயோட நிப்பீங்கள், கார் எங்கயோ குறுக்க நிக்கும்.