கட்டெறும்பு ராணி கிடைச்சிருக்கு. எப்படி வளர்க்கிறது? வேற என்னென்ன எறும்பு வீட்டில் வளர்க்கலாம்?

கரிசல்காட்டான் (கோவில்பட்டி)

எல்லாருக்கும் வணக்கம். முந்தாநாள் சாயங்காலம் எங்க ஊர்ல இடியோட நல்ல கோடை மழை. மழை விட்டதும் வாசல் டியூப்லைட்டைச் சுத்தி ஒரே ஈசல். அந்தக் கூட்டத்துல ஒண்ணு மட்டும் பெருசா, கறுப்பா, தனியா இருந்துச்சு. படியோரம் சிறகு ரெண்டு உதிர்ந்து கிடந்தது. அது சிறகு இல்லாம சுவரோரமா வேகமா ஓடி ஒளிய இடம் தேடிட்டிருந்தது. பிடிச்சு ஹார்லிக்ஸ் பாட்டில்ல கொஞ்சம் மண்ணும் சீனியும் போட்டு வச்சிருக்கேன். மூடியில ஓட்டை இருக்கு. ஆனா சீனியைத் தொடவே மாட்டேங்குது, மூலையில போய் உக்காந்திருக்கு.

இது ராணிதானா, இல்ல பெரிய ஈசலா? தோட்டத்துல கட்டெறும்புப் புத்து இருக்கு. அதுல இருந்து நாலு எறும்பு பிடிச்சுப் போட்டா இதுக்கு வேலை செய்யுமா?

இன்னொண்ணு. சின்ன வயசுல இருந்தே எனக்கு எறும்பு மேல ஒரு பிரியம். நெருப்பெறும்பு, முசுறு, ரோட்டோரமா தனியா திரியுமே அந்த நீளமான கறுப்பு எறும்பு, எல்லாத்தையும் வளர்க்கணும்னு ஆசை. ஒரே பெரிய கண்ணாடித் தொட்டியில தடுப்பு வச்சு வளர்க்கலாமா? ஆன்லைன்ல ஒருத்தர் வெளிநாட்டு எறும்பு ராணி தர்றேன்னு சொல்றார். வாங்கலாமா? அம்மாவுக்கு இது வீடு பூரா பரவிடுமோன்னு பயம். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆய்வகத்து அக்கா (மேலூர்)

தம்பி, நீ சொல்றதைப் பார்த்தா அது கட்டெறும்பு ராணிதான். அறிவியல் பேரு கேம்போனோட்டஸ் கம்ப்ரெசஸ். நம்ம ஊர்ல வளர்க்க இதைவிடப் பொருத்தமான எறும்பு கிடையாது.

சந்தேகம் இருந்தா இடுப்பைப் பாரு. ஈசலுக்கு இடுப்பே இருக்காது, உடம்பு ஒரே பருமனா இருக்கும். உணர்கொம்பு நேரா மணி கோத்தாப்ல இருக்கும், நாலு சிறகும் ஒரே நீளம். அது கறையான் இனம். எறும்புக்கு இடுப்பு நூலா இருக்கும், உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கும், முன்சிறகு பின்சிறகைவிட நீளம். ஆண் எறும்பும் சிறகோட பறக்கும். ஆனா அதுக்குத் தலை சின்னது, உடம்பு ஒல்லி, சீக்கிரம் செத்துடும். ராணிக்கு முதுகு புடைச்சிருக்கும், அந்தப் புடைப்பு முழுக்கச் சிறகுத் தசை. சிறகைத் தானே உதிர்த்துட்டு ஒளிய இடம் தேடி ஓடுற ராணி பெரும்பாலும் இணை சேர்ந்தாச்சுன்னு அர்த்தம்.

சீனியைத் தொடாததுக்குக் காரணமும் அந்தத் தசைதான். இனிமே பறக்க வேண்டியதில்லைங்கிறதால அந்தத் தசையையும் உடம்புல சேர்த்து வச்ச கொழுப்பையும் கரைச்சுத்தான் முதல் குஞ்சுகளுக்கு ஊட்டும். முதல் வேலைக்காரி, அதாவது கூட்டு வேலையெல்லாம் பார்க்கிற சாதாரண எறும்பு, வர்ற வரைக்கும் ராணி பட்டினிதான் கிடக்கும். உணவு வைக்காதே. வச்சா பூஞ்சணம் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஹார்லிக்ஸ் பாட்டில் வேண்டாம். மருந்துக் கடையில இல்லைன்னா லேப் சாமான் விக்கிற கடையில கண்ணாடி டெஸ்ட் டியூப் ஒண்ணு வாங்கு, விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெருசா. மூணுல ஒரு பங்கு தண்ணி ஊத்து. பஞ்சை உருட்டி, தண்ணியைத் தொடுற வரைக்கும் குச்சியால தள்ளு. பஞ்சு நனையணும், ஆனா அந்தப் பக்கம் சொட்டுத் தண்ணி நிக்கக் கூடாது. நான் ஒரு சிட்டிகை சலிச்ச மணலையும் வறுத்து ஆறவச்சுப் போடுவேன். புழு கூடு கட்டும்போது நூலை ஒட்டவைக்க எதையாவது தேடும். அப்புறம் ராணியை விட்டு, வாய்ப்பக்கம் இன்னொரு பஞ்சு அடைச்சுடு. காத்து அதுல போகும். டியூப்பைப் படுக்கவச்சு, கறுப்புத் துணி சுத்தி, பீரோவுக்குள்ள மாதிரி இருட்டான, ஆட்டம் இல்லாத இடத்துல வை. மொட்டைமாடி வெயில் வேண்டாம், வீட்டு அறைச் சூடே போதும்.

தோட்டத்துப் புத்துல இருந்து எறும்பு பிடிச்சுப் போடவே கூடாது. ஒவ்வொரு கூட்டுக்கும் தனி வாசனை. வேற கூட்டு வேலைக்காரி ராணியை எதிரியாத்தான் பார்க்கும், காலைக் கடிச்சு இழுத்துக் கொன்னுடும். புத்தைத் தோண்டி ராணி எடுக்கிற எண்ணமும் வேண்டாம். ராணி எங்கேயோ ஆழத்துல இருக்கும். நீ தோண்டி முடிக்கிறதுக்குள்ள ஒரு முழுக் குடும்பம் அழிஞ்சிருக்கும், ராணியும் கிடைக்காது. மழை தானே ராணிகளை வாசலுக்குக் கொண்டுவந்து விடுது. பறந்து வர்றதுல பெரும்பாலானதைப் பல்லியும் காக்காயும்தான் தின்னும். அதுல ஒண்ணை எடுத்து வளர்க்கிறதுல காட்டுக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

இப்ப உனக்கு வேண்டியது பொறுமை. வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் துணியை விலக்கிப் பாரு. முதல்ல வெள்ளையா நீளவாக்குல அஞ்சாறு முட்டை, அதிகம் போனா பத்து, ஒரே கொத்தா ஒட்டியிருக்கும். ராணி அதைத் தாடையில தூக்கி வச்சுக்கிட்டு நக்கி நக்கித் துடைச்சுட்டே இருக்கும். அந்த எச்சில்தான் பூஞ்சணம் பிடிக்காமக் காக்குது. அப்புறம் புழு. அதுக்குப் பின்னாடி பழுப்பு நிறப் பட்டுக்கூடு, அதோட ஒரு முனையில ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். அது அழுகல் இல்லை, பயந்து தூக்கிப் போட்டுடாதே. கூடு கட்டுற நேரத்துல புழு வெளியேத்துன கழிவு அது. உள்ளே இருக்கிற எறும்பு தானே வெளிய வராது. ராணிதான் கூட்டைக் கடிச்சுக் கிழிச்சு, காலை மடக்கிக் கிடக்கிற வெளிறின குஞ்சை இழுத்து வெளிய போடும். நம்ம சூட்டுக்கு முட்டையில இருந்து இதுவரைக்கும் ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகும். முதல் வேலைக்காரிகள் ரொம்பச் சின்னதா, கூச்ச சுபாவமா இருக்கும். தோட்டத்துல பார்க்கிற பெருந்தலைக் கட்டெறும்பு கூட்டம் பெருகின பிறகுதான் வரும்.

முதல் வேலைக்காரி வந்ததும் தேனும் தண்ணியும் கலந்து ஒரே ஒரு சொட்டு வை. அது குடிக்கிறதை லென்ஸ் வச்சுப் பாரு. வயிறு உப்பி, கறுப்புத் தகடுகள் விலகி, இடையில வெளிறின வரி தெரியும். அப்படியே ராணிகிட்டப் போய் வாயோட வாய் வச்சு ஊட்டும். அத்தனை நாள் பட்டினி கிடந்த ராணிக்குக் கிடைக்கிற முதல் சாப்பாடு அது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்தக் காட்சி அலுக்கலை.

புரதத்துக்குச் சின்னப் பூச்சி, வெட்டுக்கிளிக் கால், கரப்பான் குஞ்சு எதுவா இருந்தாலும் கொதிதண்ணியில ஒரு முக்கு முக்கிப் போடு, உண்ணி ஒட்டாது. மருந்து அடிச்ச வீட்டுக் கரப்பானை மட்டும் மறந்தும் போடாதே, ஒரே நாள்ல கூட்டமே போயிடும்.

மூணாம் மாடி (சென்னை)

அக்கா சொன்னது அத்தனையும் சரி. அம்மாவோட பயத்துக்கு நான் பதில் சொல்றேன்.

கட்டெறும்பு வீடு பூரா பரவாது. ஒரு கூட்டுக்கு ராணி வேணும், அது உங்க டியூப்புக்குள்ள இருக்கு. வெளிய தப்பிச்ச வேலைக்காரி நாலு நாள் சுத்திட்டுச் செத்துடும். கூட்டம் பெருகி டப்பாவுக்கு மாத்தும்போது, டால்கம் பவுடரை சர்ஜிகல் ஸ்பிரிட்ல குழைச்சு உள்சுவரோட மேல்விளிம்புல ரெண்டு விரல் அகலத்துக்குப் பூசுங்க. ஸ்பிரிட் காஞ்சதும் பவுடர் படலமா நிக்கும். ஏறுற எறும்புக்குக் கால் பிடி கிடைக்காது, வழுக்கி விழும். மழைக்காலத்துல ஈரம் பிடிச்சா மறுபடி பூசணும்.

உண்மையான ஆபத்து வெளியில இருந்துதான் வரும். சமையல்கட்டுல திரியுமே, தலை கறுப்பு, வயிறு கண்ணாடி மாதிரி வெளிறின பொடி எறும்பு, அது பஞ்சு இடுக்குல நுழைஞ்சு ராணியையும் முட்டையையும் காலி பண்ணிடும். டியூப்பை ஒரு சின்ன டப்பா மேல வச்சு, அந்த டப்பாவை சோப்புத் தண்ணி ஊத்தின தட்டுக்குள்ள வைங்க. வெறும் தண்ணின்னா பொடி எறும்பு சில நேரம் மிதந்தே கடந்துடும், ஒரு சொட்டு சோப்பு அவசியம்.

அந்தப் பொடி எறும்பையே வளர்க்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. அதுக்கு ஒரே கூட்டுல பல ராணி. ஒரு ராணியும் கொஞ்சம் வேலைக்காரியும் பிரிஞ்சு போனா ஸ்விட்ச் போர்டுக்குள்ளயே புதுக்கூடு போட்டுடும்.

மலையடிவாரம் (நத்தம்)

வெளிநாட்டு எறும்புன்னு பார்த்ததும் எழுதத் தோணுச்சு. நான் எறும்பு வளர்க்கிறவன் இல்லை, ஆடு மாடு வச்சிருக்கிற விவசாயி.

எங்க பக்கம் கரந்தமலை இருக்கு. 2022-ல அந்த மலையைச் சுத்தின கிராமங்கள்ல மஞ்சள் எறும்பு பெருகினது பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. கடிக்காது, கொட்டாது. அமிலத்தைப் பீச்சும். அது ஆடு மாடு கண்ணுல பட்டா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. மலைப்பக்கம் மேய்ச்சலுக்கு விடவே ஜனம் பயந்துச்சு. அதே எறும்புதான் கிறிஸ்துமஸ் தீவுல செந்நண்டுகளைக் கோடிக்கணக்குல கொன்னதுன்னு படிச்சேன். வந்துட்ட எறும்பைத் திருப்பி அனுப்ப முடியாது. கண்ணாடிப் பெட்டி உடையாதுன்னு யாரால உத்தரவாதம் தர முடியும்? தம்பி, தயவுசெஞ்சு வாங்காதீங்க.

கரிசல்காட்டான் (கோவில்பட்டி)

அக்கா, அண்ணன், ஐயா எல்லாருக்கும் நன்றி. ராணியை டியூப்புக்கு மாத்தியாச்சு. இப்பவே பஞ்சோரமா ஒதுங்கி அமைதியா இருக்கு. வெளிநாட்டு எறும்பு எண்ணத்தை விட்டுட்டேன். ஆனா நம்ம ஊர் எறும்புகள்லயே வேற எதெல்லாம் வளர்க்கலாம்னு சொல்லுங்க. தடுப்பு வச்ச தொட்டி சரிவருமா? அப்புறம், தீபாவளிக்கு ஊருக்குப் போனா பத்து நாள் யார் பார்த்துக்கிறது?

ஆய்வகத்து அக்கா (மேலூர்)

நத்தம் ஐயா சொன்னதுக்கு மேல ஒரு சேதி. 2025 ஏப்ரல்ல கென்யாவுல நைவாஷாங்கிற ஊர்ல பெல்ஜியம் நாட்டு இளைஞர்கள் ரெண்டு பேர் பிடிபட்டாங்க. கையில ஏறக்குறைய 5,000 எறும்பு, எல்லாம் பஞ்சு வச்ச குழாய்கள்ல. மெஸ்ஸோர் செஃபலோட்டஸ்னு விதை சேர்க்கிற பெரிய எறும்பு, ஐரோப்பாவுல வளர்க்கிறவங்க நல்ல விலை கொடுப்பாங்க. கோர்ட்டு 10 லட்சம் கென்யா ஷில்லிங் அபராதம், கட்டலைன்னா ஒரு வருஷம் ஜெயில்னு தீர்ப்பு சொன்னது. யானைத் தந்தத்தோட நிக்காம எறும்பு வரைக்கும் கடத்தல் வந்தாச்சு. ஆன்லைன்ல விக்கிற ராணி எங்கிருந்து எப்படி வந்ததுன்னு உனக்குத் தெரியப்போறதில்லை. உன் தெருவுல மழைக்குப் பறக்கிறதே ஒரு ஆயுசுக்குப் போதும்.

தடுப்பு வச்ச தொட்டி வேண்டாம். இடுக்கு ஒரு மயிரிழை இருந்தாலும் போர் நடக்கும், ஒரு கூட்டம்தான் மிஞ்சும். இனத்துக்கு ஒரு டப்பான்னு தனித்தனியா வை.

கட்டெறும்புக்கு அடுத்து நான் சொல்றது ஃபெய்டோலே. மண்ணுல கூடு போடுற சின்னப் பழுப்பு எறும்பு. சாதாரண வேலைக்காரிகளுக்கு நடுவுல உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலையோட சிப்பாய்கள் நடமாடும். ராணி பட்டினி கிடந்தே குஞ்சு வளர்க்கும், கூட்டம் மளமளன்னு பெருகும். செத்த பூச்சியும் தானியப் பொடியும் போதும்.

நெருப்பெறும்பும் வளர்க்கிறது சுலபம்தான். ஆனா அது கொட்டும், சின்ன ஓட்டையிலும் நுழையும். இன்னும் ஒரு வருஷம் கைப்பழக்கம் வந்த பிறகு யோசி. சுவாரசியம் என்னன்னா, நம்ம வயக்காட்டுல காலைக் கொப்பளிக்க வைக்கிற அந்த சொலெனோப்சிஸ் ஜெமினேட்டா அமெரிக்கக் கண்டத்து எறும்பு. 16-ஆம் நூற்றாண்டுல மெக்சிகோவுல இருந்து மணிலாவுக்கு வந்த ஸ்பானியக் கப்பல்கள்ல ஏறி ஆசியாவுக்கு வந்ததுன்னு மரபணு ஆய்வுல கண்டுபிடிச்சிருக்காங்க. ஐயா சொன்ன விஷயத்துக்கு இதைவிடப் பழைய சாட்சி வேணுமா?

முசுறை மரத்துலயே விட்டுப் பாரு. புழுவைத் தறிநாடா மாதிரி பிடிச்சு அது விடுற நூலால இலையைத் தைக்கிற எறும்பு அது. ஒரே கூட்டம் பல மரத்துல கூடு வச்சிருக்கும். டப்பாவுல அடைச்சா அதோட அழகே போயிடும். மாமரத்தடியில நாற்காலி போட்டு உக்காந்தா அதைவிட அதிகமாப் பார்க்கலாம்.

காய்ஞ்ச மரத்துல இருக்குமே, நடு உடம்பு சிவப்பு, தலையும் வயிறும் கறுப்பு, டெட்ராபோனெரா. அதைக் கையால தொடவே தொடாதே. கொட்டினா வலி மட்டும் இல்லை, ஒவ்வாமை இருக்கிறவங்களுக்கு உயிருக்கே ஆபத்து.

நீ கேட்ட ரோட்டோரத்துத் தனிக்கறுப்பு எறும்பு, உடம்பு முழுக்க நுணுக்கமான வரி இருந்தா அது டயகாமா. அதுக்கு ராணியே கிடையாது. எல்லாப் பெண் எறும்பும் மார்புல ரெண்டு சின்ன மொட்டோட பிறக்கும். முட்டையிடுற தலைவி, புதுசாப் பிறக்கிறதோட மொட்டைக் கடிச்சு எடுத்துடும். மொட்டு போன எறும்பு அதுக்கப்புறம் இணை சேராது, வேலைக்காரிதான். அதனால மழையில டயகாமா ராணியைத் தேடி அலையாதே. கரிசல்ல கூட்டு வாசலைச் சுத்தி இறகும் செத்த எறும்பும் அடுக்கியிருக்கான்னு விடிகாலையில போய்ப் பாரு. அந்த இறகுல தேங்குற பனித்துளியைத்தான் குடிக்கும். தண்ணி இல்லாத நிலத்துல அதுவே அதோட கிணறு. அதைப் பிடிக்காமப் பார்க்கிறதே நல்லது.

பத்து நாள் ஊருக்குப் போறது பிரச்சினையே இல்லை. தீபாவளி சமயத்துல உன் கூட்டம் இன்னும் சின்னதாத்தான் இருக்கும். கிளம்புற அன்னிக்கு ஒரு சின்ன டியூப்புல தேன்தண்ணி ஊத்திப் பஞ்சு அடைச்சு, ராணி இருக்கிற டியூப்போட வாயும் இதோட வாயும் ஒரே டப்பாவுக்குள்ள திறந்திருக்கிற மாதிரி வச்சுட்டுப் போ. பூச்சி எதுவும் வைக்காதே, நாறும். கட்டெறும்போட குடல்ல பிளாக்மேனியான்னு ஒரு பாக்டீரியா இருந்து அமினோ அமிலம் செஞ்சு கொடுக்குது, கொஞ்ச நாள் இறைச்சி இல்லைன்னாலும் தாங்கிக்கும். சோப்புத் தண்ணித் தட்டு வத்தாம இருக்க மட்டும் பக்கத்து வீட்டுல யாரையாவது ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொல்லு.