புதுப்பிப்பு: ஆய்வகத்தில் சேர்ந்து ஓராண்டு

இளநிலை உயிரியல் இரண்டாம் ஆண்டில் ஆய்வகப் பணியையும் மாணவர் மன்றப் பொறுப்பையும் சேர்த்துச் சமாளிக்க முடியுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். சேர்ந்தேன்; ஓராண்டு ஆகிவிட்டது.

நாங்கள் வளர்ப்பது சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும், ஏறத்தாழ 1 மி.மீ. நீளமுள்ள உருளைப்புழு. ஆண், பெண் இரு தன்மையும் ஒன்றாகக் கொண்ட இருபால் புழுவுக்கு இருப்பவை 302 நரம்பணுக்கள் மட்டுமே என்பதால் நடத்தையை ஆராய மிகவும் ஏற்றது. முதல் இரண்டு மாதங்கள் பிளாட்டினக் கம்பியால் புழுவைத் தூக்கி வேறு தட்டுக்கு மாற்றப் பழகுவதிலேயே கழிந்தன. கம்பியின் நுனி, தட்டில் புழுக்கள் வளரும் அகார் என்னும் கூழ்ப் பரப்பைக் கீறிவிட்டால் புழுக்கள் அந்தக் கீறலுக்குள் புகுந்துகொள்ளும், எண்ணிக்கை தவறிவிடும். அப்படி ஒரு வாரத் தரவு முழுவதையும் கைவிட நேர்ந்தபோது மனம் உடைந்துபோனேன். வழிகாட்டியோ, நடந்ததை அப்படியே குறிப்பேட்டில் எழுதிவைக்கச் சொன்னார். இன்று நான் அதிகம் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

மன்றத்தில் செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டு, முதலாமாண்டு மாணவர்களுக்கு நுண்ணோக்கிப் பயிற்சி அளிப்பதை மட்டும் வைத்துக்கொண்டேன். "கட்டுப்பாட்டுத் தட்டு எதற்கு, அக்கா?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, சோதிக்கும் மாற்றத்தைச் செய்யாமல் வைக்கும் தட்டு அது என்று அவளுக்கு விளக்கிய பிறகுதான் என் சோதனையில் ஒரு கட்டுப்பாடு விடுபட்டிருந்தது எனக்குத் தெரிந்தது. அதைச் சேர்த்து, இப்போது சோதனையை மீண்டும் தொடங்கியிருக்கிறேன்.