3 ஓம்-மீட்டர் படலத்தின் நடுவில் கிணறு குறிக்கலாமா?

ஜெலுத்தோங்வாசி:
புவிவெப்பத்துக்கு வெந்நீர் தேடும் பயிற்சிக்கு, ஆண்டிசைட் எரிமலைச் சரிவு ஒன்றின் மேக்னட்டோடெல்லூரிக் (எம்.டி., இயற்கை மின்காந்த அலைகளை வைத்து நிலத்தடி மின்தடையை அளக்கும் முறை) தரவு கிடைத்திருக்கிறது. சபாவின் தாவாவ் நிலம் மாதிரிதான், சுற்றிலும் செம்பனை. 1டி மாடலில் (மின்தடை ஆழத்தோடு மட்டும் மாறுவதாகக் கொள்ளும் மாடல்) 400 மீட்டரிலிருந்து 900 மீட்டர்வரை மின்தடை எண் வெறும் 3 ஓம்-மீட்டர் உள்ள படலம் வருகிறது. சூடான உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அப்படியானால் அதன் நடுவில்தானே கிணறு குறிக்க வேண்டும்? இன்னொன்று, பக்கத்துப் பக்கத்து இரண்டு ஸ்டேஷன்களில் மின்தடை கர்வ் ஒரே வடிவம், ஆனால் ஒன்று நாலு மடங்கு மேலே நிற்கிறது. அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

செந்தூல்_பாறை:
நடுவில் குறிக்காதீர்கள் தம்பி. நீங்கள் பார்ப்பது பானை இல்லை, மூடி. எரிமலைப் பாறை வெந்நீரில் ஊறி 70 டிகிரி செல்சியஸ் தாண்டும்போது ஸ்மெக்டைட் களிமண்ணாக மாறும். 1 முதல் 10 ஓம்-மீட்டர் வருவது அதனால்தான். சுமார் 200 டிகிரிக்கு மேல் ஸ்மெக்டைட் நிற்காது, இல்லைட்டும் குளோரைட்டும் வரும், மின்தடை எண் மறுபடி ஏறும். நீர்த்தேக்கம் இருந்தால் அந்த ஏற்றத்துக்குக் கீழே. மூடியின் அடிப்பகுதி எங்கே மேலே குவிந்து நிற்கிறது என்று பாருங்கள், சூடு ஏறிவரும் இடம் பெரும்பாலும் அதுதான்.

ஆனால் களிமண் பழைய சூட்டைத்தான் சொல்லும். பாறை ஆறிய பிறகும் அது அப்படியே கிடக்கும். அதனால் ஊற்று நீரின் சிலிக்கா, சோடியம்-பொட்டாசியம் அளவிலிருந்து அடியில் உள்ள சூட்டைக் கணிக்கும் கணக்கு இல்லாமல் எம்.டி. படத்தை மட்டும் நம்பிப் பணம் போடக்கூடாது.

நாலு மடங்கு விவகாரம் ஸ்டாட்டிக் ஷிஃப்ட், அதாவது வடிவம் மாறாமல் கர்வ் முழுதும் மேலேயோ கீழேயோ நகர்வது. மின்முனைக்குப் பக்கத்தில் சின்ன பாறைக்கட்டி இருந்தாலே போதும். இரண்டு ஸ்டேஷனிலும் ஃபேஸ் கர்வ் (மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் உள்ள கட்ட வேறுபாடு) ஒன்றாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். அப்படியே 1டி இன்வெர்ஷனில் (தரவிலிருந்து மாடலைக் கணிக்கும் கணக்கு) போட்டால் மின்தடை எண் 4 மடங்கு, ஆழம் அதன் வர்க்கமூலம், அதாவது 2 மடங்கு தப்பாகும்: 900 மீட்டர் 1800 ஆகிவிடும்! அதே இடத்தில் 100 மீட்டர் சதுர வளையம் விரித்து டிடிஇஎம் (வளையத்தின் மின்னோட்டத்தை நிறுத்தி நிலத்தின் காந்தப் பதிலை அளப்பது, இந்த நகர்வு அதை அவ்வளவாகத் தொடாது) எடுத்து, அந்த அளவுக்கு கர்வை இறக்குங்கள்.

பட்டர்வொர்த்_காந்தம்:
அந்த 900 மீட்டரையே முதலில் சோதியுங்கள். ஊடுருவும் ஆழம் 503 × √(மின்தடை எண் × அலைநேரம்). 3 ஓம்-மீட்டரில், 1 வினாடியில் 870 மீட்டர். இயற்கை சிக்னல் மிகவும் மெலிந்துபோகும் இடமும் இந்த 1 வினாடியைச் சுற்றித்தான். மூடியின் அடிப்பகுதிதான் நமக்கு வேண்டியது, தரவு கெட்டுப்போவதும் அங்கேயே.

செம்பனைத் தோட்டத்தில் யானைக்கு மின்வேலி போட்டிருப்பார்கள். அதன் துடிப்பும் கிட்டத்தட்ட வினாடிக்கு ஒன்று! பல கிலோமீட்டர் தள்ளி, வேறு சத்தம் உள்ள இடத்தில் ரிமோட் ரெஃபரன்ஸ் ஸ்டேஷன் ஒன்று அதே நேரத்தில் ஓடியிருக்க வேண்டும், இரண்டிலும் பொதுவான இயற்கை சிக்னலை மட்டும் பிரித்தெடுக்க. இல்லையென்றால் வேலியைத்தான் இன்வெர்ட் செய்திருப்பீர்கள்.

களத்தில் ஒரு இரவு முழுக்க ஓட விடுங்கள். ஈயக் குளோரைடு மின்முனையை 30, 40 சென்டிமீட்டர் குழியில், உப்புநீரில் குழைத்த பென்டோனைட் சேற்றில் உட்காரவைத்து, தொடுமின்தடை சில கிலோ ஓமுக்குள் வரும்வரை விடாதீர்கள். கேபிளைத் தொங்கவிட்டால் காற்றில் ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் பதிவாகும். மண் போட்டு மூடுங்கள். காந்தப்புலம் அளக்கும் காயிலை மரத்தடியில் புதைக்காதீர்கள், வேர் அசையும்.

ஜெலுத்தோங்வாசி:
ஃபேஸ் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது. ரிமோட் ஸ்டேஷன் ஃபைல் ஃபோல்டரில் இல்லை. காந்தத் தரவும் கிராவிட்டியும் இருக்கின்றன, உதவுமா?

பட்டர்வொர்த்_காந்தம்:
உதவும், ஆனால் காந்தத்தில் ரிடக்‌ஷன் டு போல் (காந்தப்புலம் செங்குத்தாக இருப்பதுபோல் படத்தை மாற்றும் கணக்கு) போடாதீர்கள். நம் பக்கம் காந்தப்புலம் கிட்டத்தட்ட படுத்தே கிடக்கிறது. கணக்கு நிலைக்காமல் வடக்கு தெற்காகக் கோடு கோடாக இழுத்துவிடும். அனலிட்டிக் சிக்னல் (காந்தப்புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று காட்டும் படம்) போதும்: மேக்னடைட் என்ற காந்தக் கனிமம் வெந்நீரில் அழிந்த இடம் மங்கலாகத் தெரியும். கிராவிட்டியில் உயரம் எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள். 1 மீட்டர் பிசகினால் 0.2 மில்லிகால் (ஈர்ப்பை அளக்கும் அலகு) போச்சு. கைப்பேசி ஜிபிஎஸ் என்றால் அந்தத் தரவை மூடிவையுங்கள்.

செந்தூல்_பாறை:
இந்த மூடிக் கணக்கை பேராக்கின் உலு சிலிம் வெந்நீர் ஊற்றுக்கோ கோலாலம்பூரின் செத்தாபாக் ஊற்றுக்கோ கொண்டுபோகாதீர்கள். அங்கே கிரானைட், வெந்நீர் பிளவு வழியாக ஏறுகிறது. தாவாவுக்கும் கடலுக்கு அந்தப் பக்கம் வட சுமத்ராவில் 330 மெகாவாட் ஓடும் சருல்லா புவிவெப்ப மின்நிலையத்துக்கும்தான் இது பொருந்தும். முதலில் அந்த ரிமோட் ஃபைலைக் கேட்டு வாங்குங்கள்.