1950 ஃபோர்டு வி-8: சூடானதும் நின்றுவிடுகிறது, ஆறும்வரை ஸ்டார்ட் ஆவதில்லை. உதவி வேண்டும்

ரூஜ் ஆற்றங்கரை

எல்லோருக்கும் வணக்கம். மிச்சிகனில் இருக்கிறேன். போன அக்டோபரில் ஒஹையோவில் ஒரு பெரியவரிடம் 1950 ஃபோர்டு கஸ்டம் டீலக்ஸ், இரண்டு கதவு வண்டி, வாங்கினேன். எஞ்சின் 8பிஏ என்ற வகை ஃப்ளாட்ஹெட் (வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் பிளாக்குக்குள் இருக்கும்) வி-8, 239 கன அங்குலம், 100 குதிரைத்திறன். இதன் எஞ்சின் பிளாக்கை வார்த்த டியர்பார்ன் ரூஜ் ஆலை வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். அந்த ஆசையில் வாங்கியது.

குளிர்காலம் முழுக்க கராஜில் வேலை பார்த்தேன். பிரேக் முழுதும் புதுசு, பெட்ரோல் டேங்கைக் கழற்றித் துரு எடுத்தாயிற்று. பிளக், பாயின்ட், கண்டன்ஸர் எல்லாம் மாற்றினேன். வண்டி அழகாக ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் இருபது இருபத்தைந்து நிமிடம் ஓட்டியதும் சூட்டு முள் மேலே ஏறுகிறது, இழுவை குறைகிறது. சிக்னலில் நின்றால் எஞ்சின் தடுமாறி நின்றுவிடுகிறது. அப்புறம் ஸ்டார்ட்டர் முக்கி முக்கிச் சுற்றுகிறதே தவிர எடுப்பதில்லை. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி எடுத்துக்கொள்கிறது.

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ், உட்வர்ட் சாலையில் நடக்கும் பழைய கார் ஊர்வலம். இன்னும் ஒன்பது வாரம்தான். அந்த நெரிசலில் இந்த வண்டி நடுவழியில் நின்றால் என்ன செய்வேன் என்று நினைத்தாலே தூக்கம் வரவில்லை.

ஸ்பானர் செட்

வேப்பர் லாக் தம்பி, சந்தேகமே இல்லை. இந்த எஞ்சினில் பெட்ரோல் பம்ப், மேலே இன்டேக் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குப் பெட்ரோல்-காற்றுக் கலவை போகும் குழாய்த்தொகுதி) பின்பக்கம் உட்கார்ந்திருக்கும். கேம்ஷாஃப்டிலிருந்து ஒரு தண்டு வந்து அதைத் தட்டும். கீழேயிருந்து வரும் சூடு முழுக்க அதற்குத்தான். இன்றைய பெட்ரோலில் 10% எத்தனால் வேறு. பழைய பெட்ரோலைவிடச் சீக்கிரம் ஆவியாகிவிடும். குழாயில் ஆவி நிரம்பினால் பம்பு வெறும் காற்றைத்தான் இழுக்கும்.

இங்கே அந்தக் காலத்து ஆட்கள் பெட்ரோல் குழாயில் துணி மாட்டும் மரக் கிளிப்புகளை வரிசையாகக் குத்தி வைப்பார்கள். பெரிய பலன் இருப்பதாக நான் நம்பவில்லை. டேங்க் பக்கத்தில் ஒரு ஆறு வோல்ட் மின்பம்பு வைத்துப் பாருங்கள்.

பழைய இரும்பு

பம்பு வாங்கும் முன் ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள், செலவே இல்லை. அடுத்த முறை நிற்கும்போது பானட்டைத் திறந்து ஏர் கிளீனரை எடுங்கள். கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடியே ஆக்ஸிலரேட்டர் தண்டைக் கையால் தள்ளுங்கள். பெட்ரோல் பீய்ச்சி அடித்தால் வேப்பர் லாக் இல்லை. அப்புறம் ஒரு பிளக் ஒயரை எடுத்து ஸ்பார்க் பாருங்கள். மஞ்சளாக, மெலிதாக இருந்தால் காயில் அல்லது கண்டன்ஸர். புதுக் கண்டன்ஸர்தானே என்று அதை விட்டுவிடாதீர்கள். இப்போது விற்கிற புதுக் கண்டன்ஸர்களில் சூடானதும் செத்துப்போகிறவை நிறைய.

ஸ்டார்ட்டர் முக்குகிறது என்றீர்களே, பேட்டரி கேபிள் எந்தக் கனம்?

ரூஜ் ஆற்றங்கரை

இன்று மாலை வண்டியை வேண்டுமென்றே நிற்கவிட்டுப் பார்த்தேன். பெட்ரோல் நன்றாகப் பீய்ச்சுகிறது. ஸ்பார்க் நீலமாக, சத்தத்தோடு வருகிறது. ஒரு பிளக்கைக் கழற்றினால் கருப்பாக நனைந்து இருந்தது, பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. கேபிள் இங்கே உதிரிபாகக் கடையில் வாங்கியது, நம் சாதாரண கார்களுக்குப் போடுகிற கனம்தான்.

இன்னொன்றும் கவனித்தேன். கராஜில் சும்மா ஐடிலில் நாற்பது நிமிடம் ஓடவிட்டேன், முள் நடுவிலேயே நின்றது. சாலையில் ஓட்டினால்தான் ஏறுகிறது. ஏற்றம் வந்தால் சீக்கிரமே ஏறிவிடுகிறது.

பழைய இரும்பு

நல்லது, இது பெரிய துப்பு. பிளக் நனைந்திருக்கிறது என்றால் பெட்ரோல் போதவில்லை என்பதில்லை, அதிகம் போகிறது. கார்புரேட்டர் கிண்ணத்துக்குள்ளேயே பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழிகிறது. பார்ப்பதற்கு வேப்பர் லாக் போலவே இருக்கும், ஆனால் அதற்கு நேர் எதிர். இப்படி ஆனால் பெடலை அடிக்கக் கூடாது. முழுக்க மிதித்தபடி பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அடிக்க அடிக்க இன்னும் மூழ்கும்.

கேபிளை முதலில் மாற்றுங்கள். பன்னிரண்டு வோல்ட் வண்டிக்கான கேபிள் இதற்குப் போதாது. வோல்ட் பாதியானால் அதே வேலைக்குக் கரண்ட் இரு மடங்கு ஓட வேண்டும். ஒன்றாம் நம்பர் அல்லது டபுள் ஜீரோ (00) கனம் போடுங்கள். எர்த் கேபிள் உட்காரும் இடத்தை உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். இந்த வண்டியில் பாசிட்டிவ்தான் எர்த், மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். ஃபோர்டு பன்னிரண்டு வோல்ட்டுக்கும் நெகட்டிவ் எர்த்துக்கும் மாறியது 1956 மாடலில்தான்.

ஆனால் கேபிள் சூட்டைக் குறைக்காது. ஐடிலில் சூடாகாமல், பாரம் ஏறும்போது மட்டும் சூடாவது ஏன்?

ஸ்பானர் செட்

சரி, வேப்பர் லாக் என்று அவசரப்பட்டுவிட்டேன். அப்படியானால் ரேடியேட்டர் அடைப்பாக இருக்கலாம். ஃப்ளாட்ஹெட் பிளாக்குக்குள் வார்ப்பு மணல் அப்படியே தங்கியிருக்கும், எழுபது வருடத் துருவும் சேர்ந்துகொள்ளும். இரண்டு வாட்டர் பம்பையும் கழற்றித் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு அலசினால் கருப்புச் சேறு கிளாஸ் கிளாஸாக வரும். கீழ் ஹோஸை அழுத்திப் பாருங்கள். அது தொளதொளவென்று இருந்தால் வேகத்தில் பம்பு இழுக்கும்போது உள்ளே ஒட்டிக்கொள்ளும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள்.

ரூஜ் ஆற்றங்கரை

அலசிவிட்டேன். அண்ணன் சொன்னது போலவே சேறு வந்தது, இரண்டு நாள் வேலை. ஹோஸ் நான்கும் புதுசு, தெர்மோஸ்டாட் இரண்டும் புதுசு. பேட்டரிக்கு டபுள் ஜீரோ கேபிள். சூட்டிலும் ஸ்டார்ட்டர் இப்போது துள்ளிச் சுற்றுகிறது. முள் முன்னைவிடக் கொஞ்சம் தாமதமாக ஏறுகிறது, ஆனால் ஏறத்தான் செய்கிறது. ஏழு வாரம் இருக்கிறது.

ஆறு வோல்ட்

தாமதமாக வருகிறேன். ஒரே ஒரு கேள்வி தம்பி. மேலே இருக்கிற கார்புரேட்டர் எது? அதிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பிளக்குகளுக்கு முறைப்படி ஸ்பார்க் பிரித்துக் கொடுக்கும் பாகம்) ஒரு மெல்லிய குழாய் போகிறதா? முடிந்தால் படம் போடுங்கள்.

ரூஜ் ஆற்றங்கரை

ஸ்ட்ராம்பெர்க் 97 அக்கா. விற்ற பெரியவர் அதை ரொம்பப் பெருமையாகச் சொன்னார், ஹாட்ராட் ஆட்கள் தேடித் தேடி வாங்குகிற கார்புரேட்டர் என்று. டிஸ்ட்ரிபியூட்டரில் குழாய்க்கான துளை இருக்கிறது, ஆனால் ஒரு திருகு போட்டு மூடியிருக்கிறது.

ஆறு வோல்ட்

அப்படியானால் உங்கள் வண்டியின் நோய் அதுதான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

97 அருமையான கார்புரேட்டர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே இருக்கும் வென்சுரி, அதாவது காற்று போகும் குறுகிய கழுத்து, 0.97 அங்குலம், பெயர் அதிலிருந்து வந்தது. 30களின் நடுவில் ஃபோர்டு வி-8களில் வந்தது. அந்த வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் கேம்ஷாஃப்டின் முன்முனையிலேயே நேராக மாட்டியிருக்கும். அதற்குள் சுழலும் எடைகள் உண்டு. எஞ்சின் வேகமாகச் சுற்றச் சுற்ற எடைகள் விரிந்து ஸ்பார்க்கை முன்னதாக விழவைக்கும்.

1949 மாடலில் ஃபோர்டு எல்லாவற்றையும் மாற்றியது. டிஸ்ட்ரிபியூட்டர் நிமிர்ந்து நின்றது. அதோடு உள்ளே இருந்த எடைகளையும் எடுத்துவிட்டார்கள். உங்களிடம் இருப்பது அந்த வகை, பெயர் லோடோமேட்டிக். ஸ்பார்க்கை முன்னே தள்ளுவது முழுக்க முழுக்க வெற்றிடம்தான், அதாவது எஞ்சின் காற்றை இழுக்கும்போது வரும் உறிஞ்சல். அந்த வெற்றிடம் கார்புரேட்டரின் இரண்டு இடங்களிலிருந்து கலந்து வர வேண்டும்: ஒன்று வென்சுரியிலிருந்து, அது வேகத்தைச் சொல்லும், மற்றது த்ராட்டில் தகட்டுக்கு (பெடலை அழுத்தினால் திறக்கும் தகடு) சற்று மேலிருந்து, அது பாரத்தைச் சொல்லும். இந்த டிஸ்ட்ரிபியூட்டரும் அதற்கான 8பிஏ கார்புரேட்டரும் ஜோடி. ஒன்றைப் பிரித்தால் மற்றது ஊமை. 97-இல் இந்தத் துளையே கிடையாது. மூன்று போல்ட்டும் அப்படியே பொருந்துவதால் யார் வேண்டுமானாலும் மாட்டிவிடலாம், வண்டியும் ஓடும். ஆனால் ஸ்பார்க் ஐடிலில் எங்கே இருந்ததோ, அறுபது மைல் வேகத்திலும் அங்கேயேதான் இருக்கும்.

சிலர் குழாயை நேராக மேனிஃபோல்டில் மாட்டுவார்கள். அதுவும் தப்பு. ஏற்றத்தில் பெடலை அழுத்தியதும் மேனிஃபோல்டு வெற்றிடம் விழுந்துவிடும், ஸ்பார்க் வேண்டிய நேரத்தில் பின்னே போய்விடும்.

இப்போது சூட்டுக்கு வருகிறேன். ஸ்பார்க் தாமதமானால் பெட்ரோல் எரிந்து முடியும் முன்பே எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும். வேறு எஞ்சினில் அந்த நெருப்பு ஹெட் வழியாக உடனே வெளியே போய்விடும். ஃப்ளாட்ஹெட்டில் வால்வுகள் பிளாக்குக்குள், இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவே இருக்கின்றன. எக்ஸாஸ்ட் அங்கிருந்து சிலிண்டர்களுக்கு இடையே, தண்ணீர் அறையைத் தொட்டபடி பிளாக்கைக் கடந்துதான் வெளிப்பக்கம் வர முடியும். பக்கத்துக்கு நான்கு சிலிண்டர், வாய் மூன்றுதான். நடுவில் உள்ள இரண்டுக்கும் ஒரே வழி. தாமதமான நெருப்பு முழுவதும் உங்கள் ரேடியேட்டர் தண்ணீருக்குள் இறங்குகிறது. ஐடிலில் எரிவது கொஞ்சம், அதனால் தாங்குகிறது. ஏற்றத்தில் தாங்காது.

இப்படி ஏன் செய்தார்கள் என்று கேட்கலாம். 1929-இல் செவ்ரோலே நான்கு சிலிண்டர் விலையில் ஆறு சிலிண்டர் கொடுத்தது. ஹென்றி ஃபோர்டு எட்டு கொடுக்கத் தீர்மானித்தார், அதுவும் மலிவு வண்டியில். டியர்பார்ன் கிரீன்ஃபீல்டு வில்லேஜுக்குப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த எடிசனின் ஃபோர்ட் மையர்ஸ் ஆய்வுக்கூடத்தில் ரகசியமாக அதை வரைந்தார்கள். எட்டு சிலிண்டரையும் கிராங்க் அறையையும் ஒரே வார்ப்பாக, லட்சக்கணக்கில், விலை குறைவாக வார்க்க வேண்டும். 1932-இல் அந்த வி-8 ரோட்ஸ்டர் 460 டாலருக்கு வந்தது. அந்தச் சூடு அந்த விலையோடு வந்ததுதான். குறை என்று நான் சொல்ல மாட்டேன். டைமிங் சரியாக இருந்தால் 1953 வரை லட்சக்கணக்கான அமெரிக்கக் குடும்பங்கள் ஓட்டிய மாதிரி நாமும் ஓட்டலாம்.

என் பேச்சை நம்ப வேண்டாம், டைமிங் லைட் (ஸ்பார்க் விழும்போதெல்லாம் மின்னும் விளக்கு) வைத்துப் பாருங்கள். லைட்டுக்கு மட்டும் தனியாக ஒரு பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் கரண்ட் கொடுங்கள். கிராங்க் புல்லியில் உள்ள குறியைப் பார்த்தபடி ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். குறி நகர வேண்டும்.

ரூஜ் ஆற்றங்கரை

நகரவில்லை அக்கா. ஒரு துளிகூட நகரவில்லை. நான்கு முறை பார்த்தேன்.

இனி என்ன செய்வது? 97-ஐ வைத்துக்கொள்ள வழி உண்டா? அந்தப் பெரியவர் அதைத் தன் கையாலேயே பிரித்துச் சுத்தம் செய்து மாட்டியது, எடுக்க மனசு வரவில்லை.

ஆறு வோல்ட்

இரண்டு வழி. 97 வேண்டும் என்றால் எடைகள் உள்ள புது டிஸ்ட்ரிபியூட்டர் 8பிஏ-க்கென்றே செய்து விற்கிறார்கள், அதை மாட்டுங்கள். வண்டி ஆலையிலிருந்து வந்த மாதிரி இருக்க வேண்டும் என்றால் 8பிஏ கார்புரேட்டர் ஒன்று தேடுங்கள். பழைய சாமான் சந்தையில் வாங்கினால் டிஸ்ட்ரிபியூட்டர் குழாய்க்கான துளை இருக்கிறதா, த்ராட்டில் தண்டு ஆடுகிறதா என்று இரண்டையும் பாருங்கள். தண்டு ஆடினால் வெற்றிடம் கசியும், லோடோமேட்டிக் மறுபடி குழம்பும். டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள டயஃப்ரமையும் வாயால் உறிஞ்சிப் பாருங்கள். நாக்கை வைத்து மூடினால் இழுப்பு நிற்க வேண்டும்.

நானாக இருந்தால் இரண்டாவது வழி. 97-ஐ எண்ணெய் பூசித் துணியில் சுற்றி அலமாரியில் வையுங்கள். அது அந்தப் பெரியவரின் ஞாபகமாக இருக்கட்டும்.

பழைய இரும்பு

எவ்வளவு பேர் இதே காரணத்துக்கு நல்ல ரேடியேட்டரைத் தூக்கிப்போட்டு இருக்கிறோம். நானே 1951 வண்டியில் செய்திருக்கிறேன். இந்த இழையைச் சேமித்து வைக்கிறேன்.

ரூஜ் ஆற்றங்கரை

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். இண்டியானாவில் ஒருவரிடம் 8பிஏ கார்புரேட்டர் கிடைத்தது. தண்டுக்குப் புதுப் புஷ் போட்டு, கிட் மாற்றி, குழாயை வளைத்து மாட்டினேன். டைமிங் லைட்டில் குறி நகர்வதைப் பார்த்தபோது மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

உட்வர்டில் ஃபெர்ன்டேலில் ஏறி போன்டியாக் வரை போனேன். நாலரை மணி நேரம், பாதிக்கு மேல் நின்று நின்று ஊர்ந்ததுதான். முள் நடுவுக்குச் சற்று மேலே போய் அங்கேயே நின்றது. ஒரு தடவைகூட வண்டி நிற்கவில்லை. ஆறு வோல்ட் அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஒரு சின்னச் சந்தேகம். திரும்பும்போது மழை. ஏற்றத்தில் பெடலை அழுத்தினால் வைப்பர் அப்படியே நின்றுவிடுகிறது, காலை எடுத்தால் படபடவென்று அடிக்கிறது. மோட்டார் போய்விட்டதா?

ஆறு வோல்ட்

ரொம்ப சந்தோஷம் தம்பி. மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த வைப்பர் மின்சாரத்தில் ஓடுவதில்லை, மேனிஃபோல்டு வெற்றிடத்தில் ஓடுகிறது. ஏற்றத்தில் பெடலை அழுத்தினால் வெற்றிடம் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன், பாருங்கள். ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும் சோதியுங்கள். மழையில் ஏற்றம் வந்தால் ஒரு நொடி காலைத் தூக்குங்கள், கண்ணாடி துடைத்துக்கொள்ளும்.