வாய்க்கால் எண்ணெய் விஷயம்: பணம் அனுப்புமுன் படிக்கவும்

செம்பூரிலிருந்து:

மும்பையில் இருக்கும் நம் ஊர்ச் சங்கத்தார் எல்லோருக்கும் வணக்கம். அப்பா திதிக்குப் போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். களத்துமேட்டுக்கு அந்தண்டை நாம் சின்ன வயதில் துளை போடும் ரிக் பார்க்க ஓடுவோமே, அந்த எண்ணெய்க் கிணறு. வேலி போய்விட்டது, வால்வெல்லாம் துரு. அடியில் கசிந்து வாய்க்காலில் கலக்கிறது. தண்ணீர் மேல் மயில் கழுத்து நிறத்தில் படலம். மாடு வாய் வைக்கவில்லை. ஒரு லாரி ரெடிமிக்ஸ் கான்கிரீட் ஊற்றி மூடிவிடலாம், 1,80,000 ஆகும், சங்கம் கொடுக்கட்டும் என்று ஊரில் பேசுகிறார்கள். ஆளுக்கு 3,000 போட்டால் முடியும்.

முலுண்டிலிருந்து:

பணம் பிறகு. கும்பாபிஷேக வசூலில் மிச்சம் 43,200 என்று போன கூட்டத்தில் சொன்னீர்கள். அது எந்த வங்கியில் இருக்கிறது? பந்தல்காரர் ரசீது இன்னும் என் கண்ணில் படவில்லை. இப்போது கான்கிரீட்டா?

டோம்பிவிலியிலிருந்து:

கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் 28 வருஷம் கிணற்றுச் சிமெண்ட் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். தயவுசெய்து அந்த லாரியைக் கூப்பிடாதீர்கள்.

எண்ணெய்க் கிணறு நம் கொல்லைக் கிணறு மாதிரி அல்ல. கிணற்றுச் சுவராக நிற்கும் கேசிங் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, இடையில் சிமெண்ட். எண்ணெய் வரும் மட்டத்தில் குழாயில் துளை போட்டிருப்பார்கள். அடைப்பு அந்த ஆழத்தில் தொடங்க வேண்டும். ரிக் கொண்டுவந்து, கனமான சேறு இறக்கி அழுத்தத்தை அடக்கி, துளைகளுக்குக் குறுக்கே சிமெண்ட் வைத்து, இறுகிய பின் அழுத்தம் கொடுத்துச் சோதித்து, மேலே இன்னும் சில அடைப்புகள் போட்டு, கடைசியில்தான் தலையை வெட்டித் தகடு வைத்துப் பற்றவைப்பார்கள். 100 மீட்டர் தண்ணீரே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தும். அதைவிட ஆழத்தில் இருக்கும் அழுத்தத்தை மேலே கொட்டிய பத்தடி கான்கிரீட்டா நிறுத்தும்? குழாய்க்கு வெளியே வழி தேடி, நாளை யார் வீட்டு போர்செட்டிலோ கொப்பளிக்கும். ரிக் நிற்க இடமில்லாமல் போனால் பிறகு சரி செய்வதும் இரட்டை வேலை.

பத்து வருஷம் சும்மா கிடந்த கிணறு ஏன் கசிகிறது என்று கேட்பீர்கள். குழாயை உப்புத் தண்ணீர் அரிக்கும். சிமெண்டும் சுருங்கி, குழாயை விட்டு மயிரிழை விலகும். வாயுவுக்கு அது போதும்.

இப்போது செய்ய வேண்டியது: ஒரு குச்சியால் அந்தப் படலத்தைக் கலைத்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து அப்படியே நின்றால் பெரும்பாலும் இரும்புப் பாக்டீரியா, பயமில்லை. மறுபடி ஓடி ஒட்டிக்கொண்டால் எண்ணெய். மதகுக்கு மேலே வைக்கோல் கட்டுகளைக் குறுக்கே போடுங்கள், ஓரளவு உறிஞ்சும், நனைந்ததும் மாற்றுங்கள். பக்கத்தில் பீடி கூடாது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் விலகிவிடுங்கள். அந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் நின்றது என்று ஏமாறக் கூடாது.

அடைப்பது தோண்டியவன் கடமை, செலவும் அவனுடையது. காவிரி டெல்டாவுக்கான 2020 வேளாண் மண்டலச் சட்டம் புது எண்ணெய்க் கிணறுகளைத் தடுக்கிறது, ஏற்கெனவே இருந்தவற்றைத் தொடவில்லை. அதை வைத்து வாதாடினால் தோற்போம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் மனு, அசையாவிட்டால் சென்னையில் இருக்கிற பசுமைத் தீர்ப்பாயம். சங்கம் தண்ணீர் பரிசோதனைக்கும் வக்கீலுக்கும் மட்டும் கொடுக்கட்டும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால், தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்து சேரும்போது எண்ணெய் வயலுக்குள் ஏறும். குறுவை நாற்று என்ன ஆகும்?

சயானிலிருந்து:

மனு, வக்கீல், பேப்பர்க்காரன்! 2017-ல் எண்ணெய்க் குழாய் கசிந்து கதிராமங்கலம் டிவியில் ஓடியதே, அப்படி நம் ஊர் பேரும் ஓடணுமா? யார் நெல்லை வாங்குவான், யார் பெண் எடுப்பான்? டோம்பிவிலி அண்ணனுக்கு ஒரு கேள்வி. கிணறு போட அந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டது யார் அப்பா? அந்தப் பணத்தில் வந்த அம்பாசிடரில் எங்களை ஏற்றிக்கொண்டதே கிடையாது. அன்று ஆரத்தி எடுத்த வீடுதானே.

டோம்பிவிலியிலிருந்து:

எங்கப்பாதான். மறைக்கவில்லை. மூன்று போகம் விளைந்த இடம். கையெழுத்துப் போட்ட அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. அதனால்தான் பரிசோதனைச் செலவில் பாதி என்னுடையது என்கிறேன். அம்பாசிடரில் நீ ஏறியிருக்கிறாய் தம்பி, உனக்கு அம்மை போட்டபோது கும்பகோணம் ஆஸ்பத்திரிக்கு.

செம்பூரிலிருந்து:

அண்ணா, ஊரில் தம்பி காலையில் குச்சியால் கலைத்துப் பார்த்தானாம். ஒட்டிக்கொண்டது. மதகில் எட்டுக் கட்டு வைக்கோல் போட்டாயிற்று. முலுண்டு சித்தப்பா, வைக்கோல் எங்கள் போரிலிருந்து எடுத்தது, அதற்கு ரசீது கிடையாது.