உயிர்மருத்துவ இளநிலைப் படிப்பு: பாடவாரி விரிவுரையா, ஒருங்கிணைந்த சிக்கல்களா?

திசுமொழி:
இரண்டாம் ஆண்டில் உயிர்வேதியியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் மூன்றுக்கும் தனித்தனி விரிவுரை தேவையில்லை என்பது என் கருத்து. மூன்று வாரத்துக்கு ஒரு சிக்கல் கொடுப்போம், ஒவ்வொன்றும் ஓர் எழுத்துப் பணியில் முடியட்டும். காலராவையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிருமியின் நச்சு, செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் ஜி புரதங்களில் ஒன்றான ஜிஎஸ் புரதத்தின் ஆல்ஃபா துணையலகை அணையாமல் பூட்டிவிடுகிறது. சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு ஏறுகிறது. சிஎஃப்டிஆர் என்ற சவ்வுக் கால்வாய் வழியாகக் குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியமும் நீரும் பின்னாலேயே போகின்றன. அப்போதும் குளுக்கோஸோடு சேர்த்துச் சோடியத்தைச் செல்லுக்குள் இழுக்கும் எஸ்ஜிஎல்டி1 கடத்தி பழுதில்லாமல் வேலை செய்கிறது. ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் உயிரைக் காப்பது அதனால்தான். இதை எந்தத் துறையின் பாடம் என்று பிரிப்பீர்கள்?

நெஃப்ரான்:
பிரிக்க முடியாது, சரி. ஆனால் ஜி புரதம் என்றால் என்னவென்றே தெரியாத மாணவருக்கு இது சிக்கல் அல்ல, வெறும் இரைச்சல். கல்வி ஆய்வாளர்கள் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006-இல் வாதிட்டது இதைத்தான்: அடிப்படை இல்லாதவரை வழிகாட்டாமல் தேடவிட்டால், தேடுவதிலேயே செயல்நினைவு தீர்ந்துவிடும், கற்க இடம் இருக்காது. வகுப்பில் நடப்பதும் அதுவே. குழுவில் ஒருவர் இணையத்தில் விடையைப் பிடிப்பார், மற்றவர்கள் படியெடுப்பார்கள்.

திசுமொழி:
2014-இல் ஃப்ரீமன் குழு 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததே? விரிவுரை மட்டும் உள்ள வகுப்பில் தோல்வி 33.8 சதவீதம், மாணவரே வேலை செய்யும் செயல்வழி வகுப்பில் 21.8.

நெஃப்ரான்:
அந்தத் தொகுப்பில் விரிவுரைக்கு நடுவே கேள்வி கேட்டு வாக்களிக்க வைத்த வகுப்புகளும் சேர்த்தி. விரிவுரையில் மாணவரை வேலை செய்ய வையுங்கள் என்பதற்கு அது சான்று. விரிவுரையையே எடுத்துவிடுங்கள் என்பதற்கு அல்ல.

வரைவாளர்:
நீங்கள் இருவரும் சண்டை போடுவது வரிசையைப் பற்றி என்று நினைக்கிறேன். காலரா சிக்கலை நடத்தும் முறையைச் சொல்கிறேன், பிறகு பேசுவோம்.

முதல் வாரம் 40 நிமிட விரிவுரை இரண்டு: சவ்வுக் கடத்தல் ஒன்று, ஜி புரதச் சமிக்ஞை ஒன்று. அதன்பின் நால்வர் குழு. முதல் வேலை, குடல் செல் ஒன்றைத் தாளில் வரைந்து கடத்திகளை உரிய பக்கத்தில் வைப்பது. சோடியம்-பொட்டாசியம் பம்பைக் குடலின் உட்பக்கம் வரைந்துவிடுவது அடிக்கடி வரும் பிழை. அந்த ஒரு அம்பு தவறினால் பின்னால் வரும் வாதம் முழுக்கச் சரியும். டியூட்டர் விடையைச் சொல்லக் கூடாது, "இந்தச் செல்லுக்குள் சோடியம் ஏன் குறைவாக இருக்கிறது?" என்று மட்டும் கேட்க வேண்டும். இங்கே பொறுமையிழந்து பத்து நிமிடம் பாடம் எடுத்துவிடும் டியூட்டரால்தான் பாதிக் குழுக்கள் கெடுகின்றன.

அடுத்த வாரம் இரண்டு ஓஆர்எஸ் கரைசல்களின் எண்கள். பழையது: லிட்டருக்கு சோடியம் 90, குளோரைடு 80, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10, குளுக்கோஸ் 111 மில்லிமோல். உலக சுகாதார நிறுவனம் 2002-இல் ஏற்றது: 75, 65, 20, 10, 75. மாணவர்களே கூட்டட்டும்: 311, 245. ரத்தத்தில் கரைந்துள்ளவற்றின் மொத்தச் செறிவு ஏறக்குறைய 290. உப்பைக் குறைத்தும் மலத்தின் அளவு ஏன் குறைந்தது? "உப்பு கூடினால் நல்லது" என்று தொடங்கியவர்கள், உறிஞ்சப்படாத குளுக்கோஸ் நீரைக் குடலிலேயே பிடித்துவைக்கும் என்பதற்குத் தாமே வந்து சேர்வார்கள்.

மூன்றாம் வாரம் எழுத்து: ஒரு படம், 250 சொல். அதையே சுகாதாரப் பணியாளருக்காக 100 சொல்லில் இன்னொன்று.

நெஃப்ரான்:
விரிவுரை இருப்பதால் பாதி ஒப்புகிறேன். எழுத்து எதற்கு? மொழித்திறனை வேறு பாடத்தில் வைக்கலாமே.

வரைவாளர்:
அங்கே வைத்தால் எழுத்துப்பிழை மட்டும்தான் திருத்தப்படும். இந்தச் சிக்கலிலேயே பாருங்கள். மலத்தின் அளவு சுமார் 20 சதவீதமும், திட்டமிடாத நரம்புவழித் திரவத்தின் தேவை 33 சதவீதமும் குறைந்ததாகச் சொல்லும் தரவு, காலரா அல்லாத வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளுடையது. மாணவர் வரைவிலோ "புதிய கரைசல் காலராவுக்குச் சிறந்தது என நிரூபிக்கப்பட்டுள்ளது" என்று வரும். இலக்கணம் சுத்தம், அறிவியல் தவறு. காலரா வந்த பெரியவர்கள் மலத்தில் சோடியத்தை ஏராளமாக இழப்பார்கள். அவர்களுக்கு ரத்தச் சோடியம் தாழுமோ என்ற கவலையும் அப்போதே எழுந்தது. "யாரிடம் அளந்தார்கள்?" என்று ஓரத்தில் ஒரு கேள்வி எழுதினால் போதும், மாணவர் தரவைத் திரும்பப் படித்தாக வேண்டும். வாயால் விவாதிக்கும்போது இந்த வழுக்கல் யார் கண்ணிலும் படாது.

திசுமொழி:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், நன்றி.

நெஃப்ரான்:
120 பேர், ஒரு தாளுக்கு அரை மணி நேரம் என்றால் 60 மணி நேரம். வரைவுக்கு ஒரு முறை, திருத்தியதற்கு ஒரு முறை. யார் உட்கார்ந்து திருத்துவது?

வரைவாளர்:
நால்வருக்கு ஒரு வரைவு, ஆக 30 தாள். 20 நிமிடம் வைத்தால் 10 மணி நேரம். மூன்று குறிப்புக்கு மேல் எழுதாதீர்கள். பதினைந்து குறிப்பு எழுதினால் எளியதை மட்டும் திருத்துவார்கள். மதிப்பெண்ணை வரைவுக்குப் போடாமல், திருத்திய பிரதிக்கும், ஒவ்வொரு குறிப்புக்கும் என்ன செய்தோம் என்ற பதில் கடிதத்துக்கும் போடுங்கள். சும்மா இருந்து பெயர் போடுபவரைப் பிடிக்க, வகுப்பிலேயே ஆளுக்கு ஒரு பத்தி: தன் குழுவின் படத்துக்கு விளக்கக்குறிப்பு.

நெஃப்ரான்:
இறுதித் தேர்வு "ஜி புரதத்தின் அமைப்பை விளக்குக" என்றே கேட்டால் மாணவர்கள் இரண்டாம் வாரமே சிக்கலைக் கைவிடுவார்கள். தாளில் பாதியாவது பார்த்திராத தரவாக இருக்க வேண்டும். இன்னொன்று: எந்தச் சிக்கலிலும் வராத தலைப்புகள்? ஸ்டீராய்டு ஹார்மோன் எங்கே வரும்?

திசுமொழி:
அடிசன் நோய். சோடியம் குறைவு, பொட்டாசியம் கூடுதல், தோல் கருமை. அட்ரீனல், சிறுநீரகம், பிட்யூட்டரி மூன்றும் வந்துவிடும்.

நெஃப்ரான்:
ஹார்மோன் செல்லுக்குள் போய் ஏற்பியோடு சேர்ந்து மரபணுவை இயக்குவது அதில் வராது. அதற்கு ஒரு விரிவுரை வையுங்கள், அட்டவணையில் கையெழுத்துப் போடுகிறேன்.